தமிழ்ப் பள்ளியில் ஜெர்மன்காரர் கதை எதற்கு என்று கேட்ட நிர்வாகக் குழுவுக்கு

நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

சென்ற வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நாம் வாழும் இந்தப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியரைப் பற்றி, ஐந்தாம் நிலைக்கு மூன்று ஆண்டுகளாக நான் நடத்திவந்த ‘நம் ஊரின் கதை’ என்ற மூன்று வாரப் பாடம் இந்த ஆண்டிலிருந்து கிடையாது என்பது முதல் வரி. நாம் வகுப்பு நடத்தும் தேவாலயக் கட்டடத்தைப் பாதுகாக்கக் கோரி அக்கம்பக்கத்தார் நகரசபைக்குக் கொடுக்கும் மனுவில் பள்ளி கையெழுத்திடாது என்பது இரண்டாவது. காரணம் கேட்டு எழுதினேன், ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மறுநாள் உங்களில் ஒருவர் தொலைபேசியில் விளக்கினார்: “டீச்சர், தமிழ்ப் பள்ளிக்கு ஜெர்மன்காரன் கதை எதுக்கு? அவங்க வெள்ளைக்காரங்க. இந்த நாட்டுல அவங்களுக்கு என்ன கஷ்டம் வந்துடுச்சு?”

அப்போது அடுப்பில் பால் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எல்லாரும் படிக்கும்படி சொல்கிறேன்.

முதலில் ‘வெள்ளைக்காரங்க’ என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1751-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சாக்சன்களைத் தவிர மற்ற ஜெர்மானியரைக் கறுத்த நிறத்தவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார். சுவீடன்காரர்களும் அதே பட்டியலில்தான். ஆங்கிலேயர் நிறுவிய பென்சில்வேனியா ஏன் அந்நியர் குடியிருப்பாக வேண்டும், நாம் அவர்களை ஆங்கிலமாக்குவதற்குள் அவர்கள் நம்மை ஜெர்மனாக்கிவிடுவார்களே என்பது அவர் கவலை. இத்தனைக்கும் அதே மனிதர் 1732-இல் பிலடெல்பியாவில் ஜெர்மன் மொழியில் ஒரு செய்தித்தாள் அச்சிட்டு விற்றுப் பார்த்து, ஓடாமல் நிறுத்தியவர். எச்-1பி வேலை விசா பற்றி இன்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களின் வாயில் வரும் வரிகள் எங்கே முளைத்தவை என்று தேடினால், கொஞ்சம் அந்தப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி நம் பேஸ்மென்ட். ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறு பிற்பகல் அங்கே கூடுகிறோம். வாடகை இல்லை, ஹீட்டருக்கு மட்டும் மாதம் ஒரு தொகை தருகிறோம். படிக்கட்டை ஒட்டிய சுவரில் இடுப்புயரத்துக்கு இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் ஜாக்கெட்டை மாட்டுகிற கொக்கிகள். பெரியவர்களுக்கு என்றால் ஏன் அவ்வளவு தாழ்வாக அடித்தார்கள் என்று நானும் முதலில் யோசித்ததில்லை. அது பிள்ளைகள் படித்த இடம். ஜெர்மன் குடியேறிகள் தங்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கக் கட்டிய பள்ளிக்கூடம்.

அந்த அறையின் நிலைவாசலுக்கு மேல் ஒரு கல் இருக்கிறது. நடுவில் சிமென்ட் பூசியிருக்கும். தேவாலயச் சபையின் மூத்தவர் ஒருவர், தொண்ணூறை நெருங்குகிறவர், 1918-இல் தன் தாத்தாவும் மற்றவர்களும் ஏணி போட்டு ஏறி எழுத்துகளின் மேல் பூசியதாகச் சொன்னார். வெளியிலிருந்து யாரோ வந்து அழிப்பதற்குள் நாமே மூடிவிடுவோம் என்று மூடினார்களாம். சிமென்ட் காலப்போக்கில் சுருங்கியதில் எழுத்துகளின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. போன வருடம் என் வகுப்பு ஏணியில் ஏறி, ஒரு வெள்ளைத்தாளை வைத்து கிரேயானால் தேய்த்தது. ‘டாய்ச்சே ஷூலே’ என்று மெதுவாக எழும்பி வந்தது. ஜெர்மன் பள்ளி. “மிஸ், நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கு” என்றாள் ஒரு பெண்.

அந்தத் தாத்தாக்கள் ஏன் பயந்தார்கள்? இதுதான் நீங்கள் கேட்ட ‘என்ன கஷ்டம்’.

அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். அதுவரை இந்த மாநிலத்தில் ஜெர்மன் என்பது ஒளித்துவைக்க வேண்டிய மொழியே அல்ல. பெற்றோர் கேட்டால் அரசுப் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒஹையோ சட்டம் இருந்தது. சின்சினாட்டியில் 1840 முதல் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த அரசுப் பள்ளிகள் நடந்தன. நகரத்தின் நடுவே ஓடிய கால்வாய்க்கு அப்பால் ஜெர்மானியர் வாழ்ந்த பகுதிக்கு ‘ஓவர் த ரைன்’ என்றே பெயர். கால்வாய் அவர்களுக்கு ஜெர்மனியின் ரைன் நதி. (கால்வாய் இப்போது இல்லை. அதன் மேல் சென்ட்ரல் பார்க்வே ஓடுகிறது. அடியில், ஒரு ரயில்கூட ஓடாத சுரங்கப்பாதை கிடக்கிறது. அது தனிக் கதை.)

போர் வந்ததும் ஓராண்டுக்குள் எல்லாம் கவிழ்ந்தது. சின்சினாட்டி சிம்பனியின் நடத்துநர் எர்ன்ஸ்ட் குன்வால்ட், ஆஸ்திரியர், கைதாகி ஜார்ஜியாவில் ஒரு முகாமில் அடைக்கப்பட்டார். பிட்ஸ்பர்க்கில் பீத்தோவன் இசைக்குத் தடை. சார்க்ராட் என்ற புளித்த முட்டைக்கோஸ் ‘விடுதலைக் கோஸ்’ ஆனது. சிரிப்பு வருகிறது, சரி. சின்சினாட்டியில் 1918-இல் தெருப்பெயர்களை மாற்றினார்கள். பிரேமன் தெரு ரிபப்ளிக் தெருவானது. ஜெர்மன் தெரு என்ன ஆனது தெரியுமா? இங்கிலிஷ் தெரு. அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை போலிருக்கிறது.

சிரிப்போடு முடியவில்லை. 1918 ஏப்ரல் 5-ஆம் தேதி, இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில், ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மன் குடியேறியை ஒரு கும்பல் தெருவில் இழுத்துவந்து மரத்தில் தூக்கிலிட்டது. அதற்கு முன் ஜெர்மனியில் இருந்த பெற்றோருக்கு ஒரு சிறு கடிதம் எழுத விட்டார்கள். வழக்கு நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. அடுத்த மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பொது இடத்திலும் பள்ளியிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். வழிபாட்டிலும் கூடாது. நம் பக்கத்து வீட்டில் யாராவது ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் “சாப்டியா” என்று கேட்டால் குற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஒஹையோவும் சும்மா இல்லை. 1919-இல் தொடக்கப் பள்ளிகளில், தனியார் பள்ளி உட்பட, ஜெர்மன் கற்பிப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியை என்பதால் இருக்கலாம்.

நெப்ராஸ்காவிலும் அதே ஆண்டு அப்படியொரு சட்டம். எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு எந்தப் பள்ளியிலும் வேற்றுமொழி கற்பிக்கக் கூடாது. அங்கே லூத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஒரு பள்ளியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர். சட்டத்தை மீறாமல் இருக்க, பாடவேளையை விட்டு இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். 1920 மே மாதம் ஒரு நாள், பத்து வயதுப் பையன் ஒருவன் ஜெர்மனில் பைபிள் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது அரசு வழக்கறிஞர் வந்து நின்றார். அபராதம் 25 டாலர். கட்டிவிட்டுப் போயிருக்கலாம். மேயர் கட்டவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923 ஜூன் 4-ஆம் தேதி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்கு என்ன மொழி கற்பிப்பது என்பதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிமை உண்டு, அது அரசியல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் காக்கும் சுதந்திரத்தில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஒஹையோவின் சட்டமும் அதோடு போனது.

நாம் ஞாயிற்றுக்கிழமை பயமில்லாமல் ‘அ, ஆ’ எழுதவைக்கிறோமே, அந்தத் தைரியத்தின் அடியில் ஒரு ஜெர்மன் வாத்தியாரின் 25 டாலர் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஜெர்மன்காரர் கதை எதற்கு என்றால், இதற்குத்தான்.

“அப்படியென்றால் வழக்கில் ஜெயித்தார்களே, மொழி ஏன் போச்சு?” என்று நீங்கள் கேட்கலாம். என் வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் பூர்வீகம் ஜெர்மன் என்று குறித்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர். வீட்டில் ஜெர்மன் பேசுகிறவர்கள் 10 லட்சத்தைக்கூட எட்டவில்லை. தீர்ப்பு வந்தபோது பயம் வேலையை முடித்துவிட்டிருந்தது. முழுப்பழியையும் போரின் மேல் போடவும் முடியாது. அதற்கு முன்பே பிள்ளைகள் வீட்டில் ஜெர்மனில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நம் வீடுகளில் நடப்பது மாதிரியே. போர் அந்தத் தேய்மானத்தை ஒரே அடியில் முடித்துவைத்தது. நிலைவாசல் கல்லின் கதையைச் சொன்ன அந்தப் பெரியவரின் அப்பாவுக்குக் கடைசியில் எஞ்சிய ஜெர்மன், முட்டை எண்ணுவதற்கான எண்கள் மட்டும். வேறு எதை எண்ணினாலும் ஆங்கிலம். முட்டைக்கு மட்டும் ஐன்ஸ், ஸ்வை, த்ரை.

விதிவிலக்கு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஹோம்ஸ் கவுண்டிக்குப் போனால் குதிரை வண்டியில் வரும், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் இன்றும் பென்சில்வேனியா ஜெர்மன் பேசுகின்றன. அதற்கு அவர்கள் கார், மின்சாரம், எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு எல்லாவற்றையும் விட வேண்டியிருந்தது. நம்மில் யாரும் அதற்குத் தயார் இல்லை. நானும்தான். அப்படியானால் நடுவில் என்ன வழி என்று யோசிக்க வேண்டியது தமிழ்ப் பள்ளியின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

கஷ்டக்கதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். முதல் வாரமே பிள்ளைகளிடம் கேட்டேன்: கே.ஜி. என்றால் என்ன? தமிழ்நாட்டில் பிறந்த பெற்றோர் எல்லாரும் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. படித்தவர்கள்தானே. அந்த ‘கே.ஜி.’ ஜெர்மன் சொல், கிண்டர்கார்ட்டன். இந்த நாட்டின் முதல் கிண்டர்கார்ட்டனை 1856-இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் நடத்தியவர் மார்கரெட்டே ஷூர்ட்ஸ். அங்கே பாடம் நடந்தது ஜெர்மனில். அவருடைய கணவர் கார்ல் ஷூர்ட்ஸ், 1848 புரட்சி தோற்றதால் ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர், பின்னால் மிசௌரியின் செனட்டராகவும் உள்துறைச் செயலராகவும் ஆனார். அந்த ‘நாற்பத்தெட்டுக்காரர்கள்’ பலர் அடிமை முறைக்கு எதிராக நின்று உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் சண்டையிட்டார்கள். சின்சினாட்டியிலிருந்து போன ஒஹையோ 9-ஆம் படைப்பிரிவுக்குக் கட்டளைகள் ஜெர்மனில்.

அதற்கும் முன்னால், 1683-இல் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து வந்த 13 குடும்பங்கள் பிலடெல்பியா அருகே ஜெர்மன்டவுன் என்ற ஊரை அமைத்தன. ஐந்தே ஆண்டில், 1688-இல், அந்த ஊரின் நான்கு பேர் அடிமை முறை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலக் குடியேற்றங்களில் அப்படி எழுந்த முதல் எதிர்ப்பு மனு அது. உடனே பலன் ஒன்றும் இல்லை, பேசாமல் ஒதுக்கிவைத்தார்கள். இருந்தாலும் வந்து ஐந்து வருடம்கூட ஆகாத குடியேறிகள், தங்களைப் பற்றி அல்லாத ஒரு விஷயத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ‘நமக்கெதற்கு ஊர் வம்பு’ என்று மனுவைத் திருப்பிக்கொடுத்த குழு இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பிள்ளைகளைச் சின்சினாட்டிக்குக் கூட்டிப்போனபோது ரோப்ளிங் பாலத்தில் நடந்தோம். ஜான் ரோப்ளிங் ஜெர்மனியின் மூல்ஹௌசனில் பிறந்தவர். 1831-இல் வந்து விவசாயம் செய்து பார்த்து, பிறகு இரும்புக்கம்பி வடம் முறுக்கத் தொடங்கினார். ஒஹையோ நதியின் மேல் 1866-இல் திறந்த அந்தப் பாலத்தின் நடு இடைவெளி 1,057 அடி, அன்று உலகிலேயே நீளம். பிள்ளைகள் வடத்தைக் கையால் பிடித்துப் பார்த்தார்கள், ஒரு கைக்குள் அடங்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பாலமும் அவர் வரைந்ததுதான். அதற்கான வேலையில் கால் நசுங்கி, வில்வாதம் (டெட்டனஸ்) கண்டு 1869-இல் இறந்தார். மகன் கட்டி முடித்தார். மகன் நோயில் படுத்தபோது மருமகள் எமிலி தினமும் வேலையிடத்துக்குப் போய்வந்தார். எங்கள் பயணத்தில் அதிகம் கேள்வி வந்தது அந்த மருமகளைப் பற்றித்தான்.

அச்சுக்கு எழுத்துகளை வரிவரியாக ஈயத்தில் வார்த்துத் தரும் லைனோடைப் என்ற இயந்திரம் ஒரு காலத்தில் பத்திரிகை அச்சகங்களில் இருந்தது. அதைச் செய்தவர் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து வந்த கடிகாரத் தொழிலாளி ஓட்மார் மெர்கென்தாலர், ஆண்டு 1886. தொப்பை வைத்த கிறிஸ்துமஸ் தாத்தாவையும் குடியரசுக் கட்சியின் யானையையும் வரைந்து நிலைநிறுத்திய தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியின் லாண்டவில் பிறந்தவர். பீர், பியானோ, ஜீன்ஸ் என்று இந்தப் பட்டியல் நீளும். விடுகிறேன்.

நம் கதைக்கு இதில் இடமே இல்லை என்பவர்களுக்கு ஒன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்தவர். அதே ஹாலேயின் பிராங்கே நிறுவனத்திலிருந்து 1742-இல் பென்சில்வேனியா போனவர் ஹென்றி மூலன்பெர்க். சிதறிக்கிடந்த ஜெர்மன் லூத்தரன் சபைகளை ஒன்றாக்கியவர். அவர் மகன் பிரெடரிக் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர். ஹாலேயின் ஒரு வாசலிலிருந்து தமிழுக்கு ஒரு பாதையும் இந்தத் தேவாலயத்துக்கு ஒரு பாதையும் போயிருக்கின்றன. இதைச் சொன்னபோது, தாத்தா ஊர் பொறையாறு என்று ஒரு பையன் எழுந்து நின்றான். தரங்கம்பாடிக்குப் பக்கம். வழக்கமாக நாலு வரிக்கு மேல் எழுதாதவன், அந்த வாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டுவந்தான், தமிழில்.

அந்த மூலன்பெர்க் பெயரை வைத்து, ‘ஒரே ஓட்டில் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனது’ என்று நம் பெற்றோர் குழுவில் ஒரு பார்வர்டு சுற்றியது. அது உண்மையல்ல. வர்ஜீனியா ஜெர்மானியர் சிலர், சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட்டுத் தரும்படி 1794-இல் கேட்டார்கள். அதையொட்டி நடந்த ஒரு நடைமுறை ஓட்டெடுப்பு 42-க்கு 41 என்று முடிந்தது. அவ்வளவுதான். பாடத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பார்வர்டு மட்டும்.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெற்றோர் புகார் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நியாயமான புகார். சின்சினாட்டி ஜெர்மானியரின் கெட்டா என்ற பண்டத்தை வகுப்பில் பொரித்தேன். பன்றிக்கறி, மாட்டுக்கறியோடு உடைத்த ஓட்ஸைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டு வாட்டுவது. சைவப் பிள்ளைகளுக்குத் தனியாக வைத்தேன், ஆனால் பெற்றோரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. வாசனை மாடி வரை போனது. மன்னிக்க வேண்டும். கறி வாங்கி வயிற்றை நிரப்ப வழியில்லாதவர்கள் கொஞ்சம் கறியை ஓட்ஸ் போட்டுப் பெருக்கிய சமையல் அது என்று சொன்னதும், “உப்புமால கறி போட்ட மாதிரி” என்றான் ஒருவன். ஆனாலும் அடுத்த முறை அடுப்பு வேண்டாம்.

இவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்றும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் உழுத நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். 1939-இல் நியூயார்க்கில் நாஜிக் கொடி பிடித்துக் கூட்டம் போட்ட ஜெர்மன் அமெரிக்கர்களும் உண்டு. கறுப்பின மக்கள் பட்டதோடு இவர்கள் பட்டதை ஒப்பிடக் கூடாது என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். பெயரை மாற்றி, மொழியை விட்டதும் இவர்களால் கூட்டத்தில் கலந்துவிட முடிந்தது. நம் பிள்ளைகளால் மொழியை விட்டாலும் அப்படிக் கலக்க முடியாது. தொலைபேசியில் கேட்ட அந்த ‘வெள்ளைக்காரங்க’ கேள்வியில் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.

இனி என் கோரிக்கைகள்.

‘நம் ஊரின் கதை’ பாடத்தை இந்த ஆண்டே ஐந்தாம் நிலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். தேர்வுக்கு நேரம் போதவில்லை என்றால் மூன்று வாரத்தை இரண்டாகச் சுருக்கித் தருகிறேன். பாடக்குறிப்பு முழுவதையும் முன்கூட்டியே உங்களுக்கு அனுப்புகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். சின்சினாட்டிப் பயணத்துக்குப் பள்ளிப் பணம் வேண்டாம், அனுமதிக் கடிதம் போதும்.

தேவாலயக் கட்டட மனுவில் பள்ளியின் பெயரில் கையெழுத்திட வேண்டும். நகரசபை விசாரணை அடுத்த மாதம் 14-ஆம் தேதி. முப்பது முதியவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் அந்தச் சபை, கட்டடத்தை விற்றுவிட்டு வேறொரு சபையோடு சேரப்போகிறது. வாங்குகிறவர் இடிக்காமல் இருக்க மரபுக் கட்டடம் என்ற தகுதி வேண்டும், அதற்குத்தான் மனு. ஒன்பது ஆண்டு வாடகை வாங்காதவர்களுக்கு நாம் செய்யக்கூடியது ஒரு கையெழுத்து. குழு விசாரணைக்கு வர முடியாது என்றால், பள்ளியின் சார்பில் மூன்று நிமிடம் பேச எனக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள்.

கட்டடம் யார் கைக்குப் போனாலும் அந்த நிலைவாசல் கல்லைக் காப்பாற்றித் தரும்படி சபைக்கும் நகரசபைக்கும் தனிக் கடிதம் ஒன்று குழு அனுப்ப வேண்டும்.

கடைசியாக, பாடத்தை நீக்கும் முடிவுகளை வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அறிவிக்காமல், ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூட்டி எடுங்கள். வரும் ஞாயிறு இரண்டு மணிக்கு, வகுப்புக்கு முன்னால், பேஸ்மென்ட்டிலேயே கூடலாம். சாவி என்னிடம் இருக்கிறது. ஒன்றரைக்கே வந்து ஹீட்டரைப் போட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் நிலை ஆசிரியை